மாடியிலிருந்து நேரலை

ஜூன் 14, சனி

கடைப் பரணில் கேபிள் சுருள்களுக்கு நடுவே செத்துக் கிடந்த கம்ப்யூட்டர் இன்று உயிர்த்தெழுந்தது. விண்டோஸைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கிய கிழம் அது. அப்பாவின் கடையில் கேமரா மாட்டுகிற பூபதியண்ணன் ஒரு பென் டிரைவைக் கையில் வைத்து, "இதுல லினக்ஸ் இருக்குது பாப்பா. காசும் இல்ல, வைரஸும் இல்ல. எனக்கு இதுல ஒண்ணுந் தெரியாது, என்னைய மட்டும் எதுவும் கேட்டராத" என்றார். எனக்குத் தெரிந்த பெரியவர்களில் 'தெரியாது' என்று சொல்கிறவர் இவர் ஒருத்தர்தான்.

போடும்போது, 'டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கப் போகிறேன், சம்மதமா?' என்று கேட்டது. எங்கள் வீட்டில் எதையும் உடைப்பதற்கு முன்னால் இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லை. உடனே சம்மதித்தேன்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரிவதில்லை. நட்சத்திரம்கூட இல்லை. அடித்தது வெளியே தெரியாமல் அடிப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதா என்ன? ஒரே தடவையில் பழகிவிட்டது.

அப்புறம் ஒரு கருப்புத் திரை. pwd என்றால் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறது. ls என்றால் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. வேண்டுமென்றே கண்டதையும் தட்டினேன். 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றது. அவ்வளவுதான். கோபமே வரவில்லை அதற்கு. இந்தக் கருப்புத் திரைக்குப் பெயர் பாஷ். ஆங்கில மிஸ்ஸிடம் கேட்டால் மொத்துவது என்று அர்த்தம் சொல்வார். மொத்தாத மொத்தல். வாழ்க.

நான் மிதுனா. பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் குரூப். 'கேமரா' குழந்தைவேலின் ஒரே மகள். சந்தை ரோட்டில் கீழே கடை, மேலே வீடு.

ஜூன் 15, ஞாயிறு

நாட்குறிப்பை இதிலேயே எழுதுகிறேன். லினக்ஸில் ஒரு வசதி: கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அது சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அம்மாவும் தினமும் நெற்றியில் புள்ளி வைத்துக்கொண்டு கண்ணில் படாமல் இருக்கத்தான் பார்க்கிறாள். அவளுக்கு அது வேலை செய்வதில்லை.

காரணம், எங்கள் வீட்டில் ஹாலில் ஒரு கேமரா, அடுப்படியில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று. மூன்றுக்கும் பேசத் தெரியும். அப்பா கீழே கல்லாவில் உட்கார்ந்தபடியே மைக்கைத் தட்டுவார். கூரையிலிருந்து அவர் குரல் வரும்.

"சாந்தாமணி, எங்க போற?"

"வெங்காயம் எடுக்கறனுங்க."

"அதுக்கு எதுக்குச் சிரிச்ச?"

அப்பா குரலில் நான் மிமிக்ரி செய்வேன். தோழிகள் உருண்டு புரளுவார்கள். அம்மா மட்டும் ஒரு தடவை கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அதிலிருந்து அம்மா இருக்கும்போது செய்வதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அம்மாவின் மோதிர விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம். எங்கள் வீட்டுக் கதவு பொல்லாத கதவு. போன மாதம் அவள் இடது காதில் அறைந்து காது கேட்காமல் செய்ததும் அதே கதவுதான். என் முதுகையும் அதற்கு நன்றாகத் தெரியும்.

சும்மா பொது அறிவுக்கு: இன்டர்நெட் கேபிள் மெல்லிசு, சுரீர் என்று இழுக்கும், இரண்டு நாளில் ஆறிவிடும். கேமராவுக்கு இழுக்கிற த்ரீ பிளஸ் ஒன் கேபிள் தடிமன். அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று அது. ஆகவே குப்புறப் படுத்துக்கொண்டு டைப் செய்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

சந்தை நாள். ரோடு கொள்ளாத கூட்டம். கடை வாசலில் ரோட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய டிவி உண்டு, டெமோ டிவி. கேமரா எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று காட்டுவதற்கு. அதை ஓட்டுகிற குட்டிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தீங்களா தேவராஜண்ணா, என்ற புள்ளைக்கு எவ்வளவு அறிவுன்னு!" எதிர் பேக்கரிக்காரரிடம் தோளில் கைபோட்டுச் சொன்னார். என் தோளில். கேபிள் பட்ட இடத்தில் சரியாக. நான் பல்லைக் காட்டினேன்.

"பொண்ணுன்னா இப்படி இருக்கோணும் அம்மணி" என்று தேவராஜ் மாமா ஒரு தேங்காய் பன் கொடுத்தார்.

ஊருக்கு முன்னால் அப்பா யாரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். சின்னக் குழந்தையைக்கூட. ஊரே சொல்லும், தங்கமான மனுஷன் என்று.

யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு மாடியில் என் அறையிலிருந்தே கட்டளை கொடுக்கும்படி ஒரு வழி திறந்து வைத்தேன். வால் இருந்தால் ஆட்டத்தானே வேண்டும்.

ஜூன் 21, சனி

வாலை ஆட்டினேன்.

டெமோ டிவி முழுக்கக் கொட்டை எழுத்தில்: 'கேமரா வாங்க வந்தவரே, முதலில் எதிர்க்கடையில் சூடாக ஒரு போண்டா சாப்பிடுங்கள்.' ரோடே சிரித்தது. தேவராஜ் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்பாவும்தான் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. பிறகு பூபதியண்ணனை உள்ளே கூப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

ஓடிப்போய், "நான்தானுங்க அப்பா பண்ணுனேன்" என்றேன். நான் போய்ச் சேர்வதற்குள், கேபிள் முனையைக் கடிக்கிற அந்த இரும்புக் கிரிம்பிங் கருவிக்குள் பூபதியண்ணனின் கட்டை விரல் இருந்தது. நகம் பாதிதான் மிச்சம். அப்பா என்னைப் பார்த்து, "நீங்க மேல போங்க கண்ணு, பெரியவங்க பேசிட்டிருக்கறோம்" என்றார்.

சாயங்காலம் அவரிடம் போய் நின்றேன். அவர் விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். "போண்டா நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

கேமராக்காரர்களின் ரகசியம் ஒன்று: எத்தனை வீட்டுக்குக் கேமரா மாட்டினாலும் பாஸ்வேர்டு ஒன்றே ஒன்றுதான். கடைப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. வாடிக்கையாளர் மறந்துபோய் போன் செய்தால் உடனே சொல்ல வேண்டுமே, அதற்காக. அப்பா சொந்த வீட்டுக்கும் அதையே வைத்திருக்கிறார். கொல்லன் வீட்டுப் பூட்டு.

மற்ற வீடுகளை எட்டிப் பார்க்கவில்லை. குறும்புக்கும் ஒரு கௌரவம் உண்டு. எங்கள் ஹாலை மட்டும் என் திரையில் திறந்தேன். ஒரே வரிக் கட்டளைதான்.

இதைத்தான் அப்பா நாள் முழுக்கப் பார்க்கிறார். ஊஞ்சல், காலண்டர், டைனிங் டேபிள். அம்மா இல்லை. அடுப்படிக் கேமராவைத் திறந்தேன். அங்கேயும் இல்லை. பயந்துபோய் எழுந்து ஓடினேன். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில், எந்தக் கேமராவுக்கும் எட்டாத சந்தில், தட்டை மடியில் வைத்து அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கால்களை இழுத்து மடக்கி, கட்டை விரல்கூட வெளியே நீட்டாமல்.

"என்ன கண்ணு, பசிக்குதா?" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

வலது கையால் மட்டும் எழுதுகிறேன். இடது கைக்கு லீவு விட்டிருக்கிறேன்.

அம்மா பால்காரரிடம் மீதி வாங்கும்போது அதிக நேரம் நின்றாளாம். அப்பா சோற்றுக் கரண்டியில் ஆரம்பித்தார். அது வளைந்துவிட்டது. பிறகு அம்மாவின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து முகத்தை டைனிங் டேபிள் விளிம்பில் மோதினார். மெதுவாக, ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே. "பால் எத்தனைங்க? மீதி எத்தனைங்க? பல்லு எத்தனைங்க?" நான் நடுவில் புகுந்தேன். லீவு அதனால்தான்.

முடிந்ததும் ரெக்கார்டரில் அன்றைய பதிவை அழித்தார். எப்போதும் அழிப்பார். அப்புறம் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போனார்.

மதியம் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே நாலு கேமராவை அப்பாதான் இலவசமாக மாட்டியிருக்கிறார். புகார் எழுதுகிற போலீஸ்காரர் பேனாவை மூடியபடியே, "குழந்தைவேல் அண்ணனா? சாட்சி யாருங்க? பாத்தவங்க யாராச்சும் இருக்கறாங்களா?" என்றார்.

திரும்பி வந்து பேக்கரியில் கேட்டோம். தேவராஜ் மாமா கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"சத்தம் கேக்கும்மா. இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா டிவி சத்தம்னு நெனச்சுக்குவோம். கண்ணால பாக்காம எப்புடிங்க சொல்றது?"

ஆமாம். கண்ணால் பார்த்தால்தானே.

ஜூன் 30, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியம், அடிக்கவில்லை. அம்மா பக்கத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து, அவள் உதட்டுக் காயத்தைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை நாம ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போயிட்டு வரலாங்க. மிது பள்ளிக்கூடம் போகட்டும். நெம்ப நாளாச்சு. கெணத்துல தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு பாக்கலாம்." பிறகு கூரையைக் காட்டிச் சிரித்தார். "அங்கத்த கேமராவும் இல்ல."

அம்மா சாயங்காலம் தன் தோட்டைக் கழற்றி என் காதில் மாட்டினாள். "உனக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். ஓடிப்போகலாம் என்றேன். மாடிப்படிக் கேமராவைக் கண்ணால் காட்டினாள். கீழே இறங்க அந்த ஒரு படிதான். படி முடிகிற இடத்தில் கல்லா.

ஜூலை 2, புதன்

man என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைச் சொன்னால் அதைப் பற்றிய மொத்தப் பாடமும் வரும். நாள் முழுக்க அதையே படித்தேன். பள்ளிக்குப் போகவில்லை, வயிற்று வலி. எழுதிய கட்டளை இரண்டு முறை ஒன்றும் காட்டவில்லை. ஒரு இடைவெளி விட்டுப்போயிருந்தது. அப்புறம் சரியானது. என் திரையிலேயே சோதித்துப் பார்த்தேன். ஹால், சத்தத்தோடு, முழுத் திரையில். பதிவாகி ஒரு கோப்பிலும் விழுகிறது.

நாளை சந்தை. சாயங்காலம் அம்மாவை ரொட்டி வாங்கப் பேக்கரிக்கு அனுப்ப வேண்டும். அப்பாவிடம் நானே அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன்.

சும்மா ஒரு விளையாட்டுதான்.

ஜூலை 3, வியாழன்

கட்டளை தயார். எண்டர் மட்டும் பாக்கி. கீழே தக்காளி விலையைக் கூவுகிறார்கள்.

ஜூலை 7, திங்கள்

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். கம்ப்யூட்டரைப் பூபதியண்ணன் தன் வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருந்தார். விலா எலும்பு இரண்டு விரிசல். சிரித்தால் வலிக்கிறது. என் தொழிலுக்கே வேட்டு.

நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பேக்கரிக்குள் அவள் நுழைவதை ஜன்னலில் பார்த்தேன். பிறகு ஹாலுக்கு வந்து அப்பாவின் ஊஞ்சலில் ஏறி, அப்பாவின் கூலிங் கிளாஸை மாட்டி, கால் மேல் கால் போட்டுக் கேமராவைப் பார்த்தேன். கொஞ்சம் மிமிக்ரி செய்தேன்.

"சாந்தாமணி, எங்க போற? சாந்தாமணி, எதுக்குச் சிரிச்ச? ஏனுங்க கேமராக்காரரே, எந்நேரமும் பொம்பளைங்களயே பாத்துட்டிருக்கறீங்களே, வேற பொழப்பு இல்லீங்களா?"

கூரை ரொம்ப அன்பாக, "மேல வாரேன் கண்ணு" என்றது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அறைக்கு ஓடி எண்டரைத் தட்டினேன். திரும்பி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தேன். கேமராவுக்கு நேராக.

அவர் கதவைச் சாத்தினார். கிளாஸை என் முகத்திலிருந்து கழற்றிப் பத்திரமாக டேபிளில் வைத்தார். அப்புறம் ஊஞ்சல் சங்கிலியோடு சேர்த்து என்னை இழுத்தார். தரை. கேபிள். முதலில் எண்ணலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. வயிற்றில் மிதித்தபோது மூச்சு எங்கேயோ போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. "பேசுங்க கண்ணு, இப்பப் பேசுங்க" என்றார். முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். வாயில் இரும்பு ருசி. கீழே ஏதாவது நடக்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். தக்காளிக் கூவல் மட்டும் கேட்டது. அது ஓடவில்லை, எங்கேயோ தப்பு, மறுபடியும் ஒரு இடைவெளியை விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அழுதேன்.

பிறகு தக்காளிக் கூவலும் நின்றது.

கீழே நடந்ததைப் பூபதியண்ணன் சொன்னார். டெமோ டிவியில் எங்கள் ஹால் வந்ததும் முதலில் சினிமா என்று நினைத்தார்களாம். ஒருவர் சிரித்தாராம். அப்புறம் யாரோ, "அது நம்ம குழந்தைவேல் வூடு" என்றாராம்.

"ரிமோட்டு என்ற கையிலதான் இருந்துச்சு பாப்பா. ஆஃப் பண்றதுக்குத்தான் எடுத்தேன். அண்ணன் வந்தா என்னையக் கொன்னுபோடுவாரேன்னு." கட்டு போட்ட விரலைப் பார்த்துக்கொண்டார். "சத்தத்த ஏத்திவுட்டுட்டேன்."

அம்மா பேக்கரி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, வண்டிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி ஓடி வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால்தான் மற்றவர்கள்.

கதவைத் தட்டினார்கள். அப்பா தலைமுடியைக் கோதி, சட்டையை இழுத்துவிட்டு, கேபிளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திறந்தார். "வாங்க வாங்க. ஒண்ணுமில்லீங்க, புள்ள ஊஞ்சல்ல இருந்து உழுந்துருச்சு. உக்காருங்க, காப்பி சாப்பிடறீங்களா?"

கீழே டிவியில் அவர் குரல் இரண்டு விநாடி தாமதமாக அதையே மறுபடி சொன்னது. ரோடு முழுக்க. காப்பி சாப்பிடறீங்களா. அப்பா திரும்பிக் கூரையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் அம்மாவிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தக்காளிக்கார அம்மா எடைக்கல்லைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தாள். "உக்கார வரலீங்க" என்று சொல்லி அதை அவர் தோளில் இறக்கினாள். அப்புறம் எல்லோரும். கடை வாசலில் நின்று இத்தனை வருடம் வணக்கம் வைத்த கைகள் எல்லாம். அப்பாவின் உதடு கிழிந்தது. "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்றார். அம்மாவின் வார்த்தை அது. நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி இதுதான் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா அவரைத் தொடவே இல்லை. என்னைத் தூக்கி மடியில் போட்டு, என் காதில், "எந்திரிச்சராத, எந்திரிச்சராத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 9, புதன்

அப்பா ரிமாண்டில். மகளிர் ஸ்டேஷனில் இருந்து வந்து விசாரித்தார்கள். பூபதியண்ணனும் தக்காளிக்கார அம்மாவும் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். தேவராஜ் மாமா, "அடிச்சது பாத்தனுங்க, ஆனா யாருன்னு தெளிவாத் தெரியலீங்க" என்றாராம். கேமரா எவ்வளவு தெளிவு என்று காட்டத்தான் அந்த டிவியையே வைத்தது. சிலருக்கு எந்தக் கேமராவும் போதாது.

இப்போது பூபதியண்ணன் வீட்டு வரிசையில் ஒரு சின்ன வீடு. கூரையில் பல்லி மட்டும்தான் இருக்கிறது. அது ஒன்றும் கேட்பதில்லை.

ரோட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் டிவியைப் போனில் பிடித்திருக்கிறார்கள். என் முதுகு இன்று ஊரிலுள்ள அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது. வகுப்புத் தோழி ஒருத்தி எனக்கே அனுப்பிவிட்டாள், 'இதப் பாத்தியா' என்று. லினக்ஸில் வைரஸ் இல்லை என்று பூபதியண்ணன் சொன்னார். நானே வைரலாகிவிட்டேன்.

இது கொஞ்சம் நல்ல ஜோக்தான். அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்ப இருந்து ரொட்டி புடிக்கும்?"

"எதுக்குங்கம்மா?"

"வாயத் தொறந்து சொல்லு. அன்னைக்கு என்னைய ரொட்டிக்கு அனுப்புனயே. நான் இருந்தா என்னையத்தான் அடிப்பாருன்னு தெரிஞ்சுதான அனுப்புன? உன்னைய அடிக்கோணும்னுதான அவர மேல கூப்புட்ட?"

"இல்லீங்கம்மா, சும்மா மிமிக்ரி..."

அறைந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை. ஈரக் கை, அரிசித் தண்ணீர் என் கழுத்து வரை தெறித்தது. கண்ணில் பொறி பறந்தது. அம்மாவுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"இனி எனக்குப் பதுலா நீ அடி வாங்குனேன்னா உன்னைய நானே கொன்னுபோடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். விலா எலும்பு கத்தியது. நான் கத்தவில்லை.



அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து, "நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக்குடுக்கப் போறேன்" என்றாள். "என்னைய அடிச்சதுக்குச் சாட்சி இல்லீன்னு சொன்னாங்க. சரி. உன்னைய அடிச்சதுக்கு நான் சாட்சி. நான் பாத்தேன். ஆனா நான் பாத்தது பாதி. மீதியப் பாக்காம எப்புடிச் சொல்றது? அந்தப் பதிவப் போடு."

"வேண்டாமுங்கம்மா."

"போடு கண்ணு. சத்தத்தோட போடு."

கருப்புத் திரையைத் திறந்து கோப்பின் பெயரைத் தட்டினேன். ஊஞ்சல் வந்தது. கூலிங் கிளாஸோடு நான் வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. அம்மா கால்களை அறையின் நடுவில் நன்றாக நீட்டி, திரைக்கு நேராக உட்கார்ந்து பார்த்தாள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை. ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை.

நான்தான் திருப்பிக்கொண்டேன்.